காணாமல் போன குரூப்: பள்ளியின் கடைசி வகுப்புகளில் ஓவியம் படித்த கதை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன குரூப் எடுக்கப் போறே?" பதில்களும் ஏறக்குறைய முடிவானவைதான். பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், பியூர் சயின்ஸ், காமர்ஸ். "ஓவியம் எடுக்கப் போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் முதலில் சிரிப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சித்தப்பா, மாமா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புத்தி சொல்ல வைப்பார்கள்.

நான் படிப்பது பி.காம். ஓவியத்துக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் காமர்ஸும் கவின்கலையும் ஒரே அறிக்கையில், ஒரே பட்டியலில், சரிசமமாக இடம் பெற்ற இரண்டு பிரிவுகள். ஒன்று வளர்ந்து லட்சக்கணக்கான மாணவர்களின் படிப்பாகிவிட்டது. இன்னொன்று சில சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் கூடுதல் பாடமாக ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. ஏன் இப்படி ஆனது? அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படியுங்கள்.

வியாபாரத்துக்காக வந்த ஓவியம்

கலை என்றால் வியாபாரத்துக்கு நேர் எதிரானது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அரசாங்கம் நடத்தும் ஓவியக் கல்வி என்ற ஏற்பாடே வியாபாரக் கவலையில்தான் பிறந்தது.

1830களில் இங்கிலாந்துக்கு ஒரு தலைவலி இருந்தது. இயந்திரங்கள் இருந்தன, ஆலைகள் இருந்தன, துணி மலிவாகவும் கிடைத்தது. ஆனால் அழகான வேலைப்பாடு என்றால் வாங்குகிறவர்கள் பிரான்ஸ் பக்கம் போனார்கள். இதை ஆராய 1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் விளைவாக 1837-ல் லண்டனில் அரசு வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. நோக்கம் தெளிவானது. ஓவியர்களை உருவாக்குவது அல்ல, ஆலைகளுக்கு நல்ல டிசைன் போடும் ஆட்களை உருவாக்குவது.

1851-ல் லண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தது. அங்கே இந்தியத் துணிகளையும் கைவேலைகளையும் பார்த்து வடிவமைப்பு தெரிந்தவர்கள் அசந்துபோனார்கள். தங்கள் ஆலைச் சரக்கை விட இந்தியக் கைவினைஞர்களின் வேலையில் நிறமும் வடிவமும் ஒழுங்காக இருக்கிறது என்று ஓவன் ஜோன்ஸ் போன்றவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில்தான் இந்தியர்களுக்கு "சரியாக" வரையக் கற்றுக்கொடுக்க இங்கே கலைப்பள்ளிகள் வந்தன!

முதலில் வந்தது நம் சென்னையில்தான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் பிராட்வேயில் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதில் தொழிற்பிரிவு ஒன்றும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அரசாங்கம் பள்ளியை எடுத்துக்கொண்டது. கல்கத்தாவில் 1854-லும் பம்பாயில் 1857-லும் இதே மாதிரிப் பள்ளிகள் வந்தன. ஹண்டரின் பள்ளியில் படம் வரைவதோடு மண்பாண்டம், ஓடு, செங்கல் செய்வதும் பாடம். பின்னாளில் 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதே பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். அது நன்றாக ஓடி, பிறகு தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அலுமினியச் சட்டிக்கும் ஓவியப் பள்ளிக்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது.

இருபத்து மூன்று படிகள்

அந்தக் காலத்தில் ஓவியத்தை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் அதன் நிழல் இன்னும் நம் பள்ளிகளில் இருக்கிறது.

லண்டன் சவுத் கென்சிங்டனில் ஹென்றி கோல் தலைமையில் இயங்கிய துறை ஒரு பாடத்திட்டம் வைத்திருந்தது. ரிச்சர்ட் ரெட்கிரேவ் வகுத்த அந்தத் திட்டத்தில் மொத்தம் 23 படிகள். முதலில் அளவுகோல், காம்பஸ் வைத்துக் கோடு. பிறகு அச்சிட்ட படத்தைப் பார்த்து அப்படியே வெளிக்கோடு வரைவது. பிறகு பொருளைப் பார்த்து வெளிக்கோடு. பிறகு நிழல் தீட்டுவது. சுண்ணாம்பு வார்ப்பில் செய்த சிலையைப் பார்த்து வரைவது. வண்ணம், சொந்தக் கற்பனை எல்லாம் மேலே, ரொம்ப மேலே. பெரும்பாலான மாணவர்கள் அந்தப் படிகளுக்கு வருவதற்குள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த முறைக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. திருத்துவது சுலபம். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், கோடு பிசகியிருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் மாணவர்களின் தேர்வு முடிவைப் பொறுத்துப் பள்ளிக்கும் ஆசிரியருக்கும் பணம் கொடுத்தார்கள். எங்கள் காஸ்டிங் பாடத்தில் பீஸ் ரேட் என்று ஒன்று வரும், எத்தனை உருப்படி செய்தாயோ அத்தனைக்குக் கூலி. அதே கணக்குதான். கூலியைத் தேர்வு முடிவில் கட்டிவிட்டால் ஆசிரியர் எதைக் கற்றுக்கொடுப்பார்? எதை எளிதாகத் திருத்த முடியுமோ அதைத்தான்.

நம் ஊரில் இதன் வாரிசுதான் "டிராயிங் லோயர், ஹையர்". டைப்ரைட்டிங்குக்கு லோயர், ஹையர் இருப்பது போலவே டிராயிங்குக்கும் அரசுத் தேர்வு உண்டு. பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போக நினைத்தவர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். டைப்பிங்கும் டிராயிங்கும் ஒரே மாதிரிக் கைத்திறன் என்று அரசாங்கம் எண்ணியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹேவல் செய்த கலகம்

இந்த நகலெடுக்கும் முறையை எதிர்த்து ஒரு குரல் எழுந்தது. அதுவும் ஒரு ஆங்கிலேயரிடமிருந்து!

ஈ.பி. ஹேவல் 1884-ல் சென்னைக் கலைப்பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வந்தார். இங்கே இருந்த ஆண்டுகளில் தென்னாட்டுக் கைத்தொழில்களை நேரில் போய்ப் பார்த்தார். 1896-ல் கல்கத்தா பள்ளிக்குப் பொறுப்பேற்றார். இந்திய மாணவன் ஐரோப்பியச் சிலையின் வார்ப்பைப் பார்த்து வரைந்து என்ன ஆகப் போகிறது, அவனுடைய மரபிலிருந்தே பாடம் தொடங்கட்டும் என்பது அவர் எண்ணம். பாடத்திட்டத்தை மாற்றினார். கல்கத்தா கலைக்கூடத்தில் இருந்த ஐரோப்பிய ஓவியங்களை விலக்கிவிட்டு முகலாய ஓவியம் போன்ற இந்தியப் படைப்புகளை வாங்கச் செய்தார்.

இதற்கு யார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் தெரியுமா? மாணவர்களும் வங்காளத்துப் பத்திரிகைகளும்தான்! மேல்நாட்டு உயர்கலையை நமக்குக் கிடைக்கவிடாமல் வெள்ளைக்காரன் சதி செய்கிறான் என்று நினைத்தார்கள். சில மாணவர்கள் வெளியேறினார்கள். அவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு எண்ணெய் வண்ணத்தில் ஐரோப்பிய பாணியில் ஒருவரின் உருவப்படம் வரையத் தெரிந்தால் ராஜாக்களிடமும் ஜமீன்களிடமும் வேலை கிடைக்கும். ராஜா ரவிவர்மா அந்த வழியில்தான் நாடறிந்தவர் ஆனார். பிழைப்புக்கான வழியை அடைத்துவிட்டு "உன் மரபைப் பார்" என்று சொன்னால் மாணவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். படிப்பா, பிழைப்பா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

1905-ல் அவனீந்திரநாத் தாகூர் அந்தப் பள்ளியின் துணை முதல்வரானார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியதைத்தான் வங்காளப் பாணி என்கிறோம். அவருடைய மாணவர் நந்தலால் போஸ், ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் 1919-ல் தொடங்கிய கலாபவனத்துக்குப் போனார். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து, மரத்தைப் பார்த்து, மரத்தை வரைந்தார்கள். இன்னொரு மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி சென்னைக்கு வந்தார். 1929-ல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை ஏற்று 1957 வரை இருந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

இவ்வளவும் கலைப்பள்ளிகளின் கதை. சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு இது எப்போது வந்தது? அதற்கு நாம் 1953-க்கு வரவேண்டும்.

1953: ஏழு பிரிவுகள்

1952-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்காக ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். அவரும் மருத்துவர்தான். அவரும் சர் ஆ. ராமசாமி முதலியாரும் இரட்டையர்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ராமசாமி முதலியார் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வர்த்தகத் துறையைப் பார்த்தவர்.

முதலியார் குழு 1953-ல் அறிக்கை கொடுத்தது. அன்றைய பள்ளிப் படிப்பின் மீது அது வைத்த குற்றச்சாட்டு இதுதான்: எல்லாப் பிள்ளைகளையும் கல்லூரி என்ற ஒரே வாசலை நோக்கியே துரத்துகிறோம், தேர்வு ஒன்றே எல்லாவற்றையும் ஆள்கிறது. இதற்கு மாற்றாக, பல வகைப் படிப்புகளும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் பல்நோக்குப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. உயர்நிலை வகுப்புகளில் மாணவன் ஏழு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

1. மானுடவியல் பாடங்கள் (மொழி, வரலாறு போன்றவை)
2. அறிவியல்
3. தொழில்நுட்பம்
4. வணிகம்
5. விவசாயம்
6. கவின்கலை
7. மனையியல்

நான்காவது நான் படித்தது. வணிகப் பிரிவில் வணிக நடைமுறை, கணக்குப் பதிவியல், வணிகப் புவியியல், சுருக்கெழுத்தும் தட்டச்சும் என்று இருந்தது. ஆறாவதான கவின்கலையில் கலை வரலாறு, வரைதலும் வடிவமைப்பும், வண்ண ஓவியம், உருவம் வனைதல், இசை, நடனம் இருந்தன.

இந்தப் பட்டியலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கவின்கலையை யாரும் கூடுதல் நேரத்துப் பொழுதுபோக்காக இதில் வைக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல் வகுப்பாகவும் வைக்கவில்லை. இயற்பியலும் கணக்கும் எப்படி ஒரு மாணவனின் முக்கியப் படிப்போ அப்படியே ஓவியமும் சிற்பமும் இன்னொரு மாணவனின் முக்கியப் படிப்பு. அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

பல்நோக்குப் பள்ளிகள் வந்தன. இவற்றுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்பதற்காக 1963-ல் மைசூர், போபால், அஜ்மீர், புவனேஸ்வர் ஆகிய நான்கு ஊர்களில் மண்டலக் கல்விக் கல்லூரிகளும் வந்தன. ஆனால் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, இவ்வளவு சின்ன வயதில் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாகப் பிரிப்பது தவறு, பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் பொதுவாகப் படிக்கட்டும் என்றது. தேர்வையே குறியாகக் கொண்ட படிப்பில் கலைக்கல்வி புறக்கணிக்கப்படுகிறது, அதை ஆராய நிபுணர் குழு வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 10+2+3 முறை வந்தது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ தொடங்கியது. பிரிவுகள் "குரூப்" ஆயின. அந்தப் பயணத்தில் ஆறாவது பிரிவு எங்கேயோ இறங்கிவிட்டது.

ஒன்று வளர்ந்ததும் ஒன்று தேய்ந்ததும்

சரி, ஏன்? "நம் ஆட்களுக்குக் கலை உணர்வு கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோலத்தையும் கோயில் சிற்பத்தையும் காஞ்சிபுரத்துப் பட்டையும் வைத்துக்கொண்டிருக்கும் ஊரைப் பார்த்து இப்படிச் சொல்வது அநியாயம். ஒரு காமர்ஸ் மாணவனாக நான் இதை வரவு செலவுக் கணக்காகவே பார்க்கிறேன். எனக்குத் தெரிந்து நான்கு காரணங்கள்.

முதலாவது, அடுத்த படி. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்று உயிரோடு இருக்குமா இல்லையா என்பதை அதற்கு அடுத்து இருக்கும் கதவுதான் முடிவு செய்கிறது. காமர்ஸ் படித்தவனுக்கு பி.காம் காத்திருந்தது. பட்டயக் கணக்காளர் கழகம் 1949-லேயே சட்டப்படி அமைந்துவிட்டது. 1956-ல் கம்பெனிகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு எல்.ஐ.சி. உருவானது. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. கணக்கு எழுதத் தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் தேவைப்பட்டான். ஓவியம் படித்தவனுக்கு? கலைப்பள்ளிகள் வெகுகாலம் பட்டம் தரவில்லை, டிப்ளமோதான் தந்தன. 1950-ல் தொடங்கிய பரோடா பல்கலைக்கழகத்தின் கவின்கலைப் புலம்தான் ஓவியத்தைப் பல்கலைக்கழகப் பட்டமாக்கி வழிகாட்டியது. மற்ற இடங்களுக்கு அது வந்து சேர நாளாயிற்று. தவிர, கலைக்கல்லூரியில் சேர பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையில் திறமை இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் பள்ளியில் ஏன் அதை எடுக்க வேண்டும்?

இரண்டாவது, செலவு. காமர்ஸ் குரூப் தொடங்க ஒரு அறையும் கரும்பலகையும் ஒரு வாத்தியாரும் போதும். ஆய்வுக்கூடம் கூடத் தேவையில்லை. தனியார் பள்ளிகள் காமர்ஸை விரும்பித் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஓவியத்துக்கு வெளிச்சமான அறை வேண்டும். தண்ணீர் வசதி வேண்டும். ஸ்டாண்ட், பலகை, தாள், வண்ணம் எல்லாம் ஒவ்வொரு ஆண்டும் வேண்டும். சிற்பம் என்றால் மண்ணும் சூளையும் வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது பேரை உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவும் முடியாது.

மூன்றாவது, ஆசிரியர். லோயர், ஹையர் பாஸ் பண்ணி வந்த டிராயிங் மாஸ்டர் கைத்திறனில் கெட்டிக்காரர். ஆனால் சுவரில் படம் எழுதவும், ஆண்டுவிழாவுக்கு மேடை அலங்காரம் செய்யவும், பரீட்சை நேரத்தில் மேற்பார்வைக்கும்தான் பள்ளிகள் அவரைப் பயன்படுத்தின. கலை வரலாறும் சொல்லிக் கொடுத்து, கையையும் பழக்கும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர் என்று ஒரு பதவியைப் பெரிய அளவில் உருவாக்கவே இல்லை.

நான்காவது, அரசின் பணம் போன இடம். முதலியார் அறிக்கைக்கு அடுத்த ஆண்டு, 1954-ல், டெல்லியில் லலித் கலா அகாதமி அமைந்தது. தேசிய நவீனக் கலைக்கூடமும் அதே ஆண்டுதான். அகாதமியின் முதல் தலைவர் நம் சென்னைப் பள்ளியின் ராய் சௌத்ரி. நல்ல விஷயம்தான். ஆனால் கட்டடத்தை மாடியிலிருந்து கட்டத் தொடங்கியது போல ஆகிவிட்டது. ஓவியருக்கு விருதும் கண்காட்சியும் கிடைத்தது. அந்தக் கண்காட்சிக்கு வந்து பார்த்து ரசிக்கவும் வாங்கவும் தெரிந்த மனிதர்களை உருவாக்கும் இடம் பள்ளிக்கூடம். அது விட்டுப்போனது. சந்தை இல்லாமல் சரக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

049 என்ற எண்

முழுக்க அழிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. சி.பி.எஸ்.இ. 11, 12 வகுப்புகளில் கவின்கலை இன்னும் இருக்கிறது. வண்ண ஓவியத்துக்குப் பாட எண் 049. இதுபோக அச்சுக்கலை, சிற்பம், வணிகக் கலை என்று தனித்தனிப் பாடங்களும் உண்டு. வண்ண ஓவியத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 70. செய்முறையில் பொருள்களைப் பார்த்து வரைவது, சொந்தமாக ஒரு காட்சியை அமைத்து வரைவது, ஆண்டு முழுக்கச் செய்த வேலைகளின் தொகுப்பு ஆகிய மூன்றும் உண்டு. ரெட்கிரேவின் 23 படிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். சொந்தக் காட்சி அமைப்புக்கு இங்கே நல்ல பங்கு இருக்கிறது.

இந்தப் பாடத்தை ஐந்தாவது பாடமாக எடுக்கும் காமர்ஸ் மாணவர்களும் உண்டு. "மார்க் வாங்கிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். பிரிந்து போன இரண்டு பிரிவுகளும் இப்படி ஒரு மூலையில் சந்தித்துக்கொள்கின்றன.

எழுத்துத் தேர்வுக்கான பன்னிரண்டாம் வகுப்புப் பகுதியில் இருப்பது இந்திய ஓவிய வரலாறு. ராஜஸ்தானி, பஹாடி, முகலாய, தக்காணச் சிற்றோவியங்கள், அதன் பின் வங்காளப் பாணி, அதன் பின் நவீனப் போக்குகள். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தில் இடம்பெற்று வந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நந்தலால் போஸின் "உழவன்". இரண்டு மாடுகளைப் பூட்டி ஒருவன் ஏர் ஓட்டுகிறான், அவ்வளவுதான் படம்.

இது 1938-ல் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்காக வரைந்தது. சுபாஷ் சந்திர போஸ் தலைமை தாங்கிய மாநாடு. காந்தியடிகளின் அழைப்பின் பேரில் நந்தலால் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களை அந்த மாநாட்டுக்காகத் தயாரித்தார். மாநாட்டுக்கு வரும் கிராமத்து ஜனங்கள் நடந்து போகிற வழியில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த படங்கள். டிக்கெட் இல்லை, விளக்கவுரை இல்லை. உழவன் வந்து உழவனின் படத்தைப் பார்த்தான்.

அதே படம் தேர்வில் எப்படி வருகிறது? ஓவியத்தின் பெயர், ஓவியர் பெயர், எந்த ஊடகம், எந்தப் பாணி, எங்கே பாதுகாக்கப்படுகிறது, பிறகு வர்ணனை. நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதலாம். படத்தை ஒழுங்காகப் பார்க்காமலேயே முழு மார்க் வாங்கிவிட முடியும். நகலெடுப்பதை எதிர்த்து எழுந்த ஒரு இயக்கத்தின் படத்தை, நோட்ஸை நகலெடுத்துப் படிக்கிறோம். 1850களில் கையால் நகலெடுத்தார்கள், இப்போது ஞாபகத்தால். காரணமும் அதேதான்: திருத்துவது சுலபம்.

இதில் ஆசிரியர்களையோ மாணவர்களையோ குறை சொல்லிப் பயனில்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் எல்லோரும் தயார் செய்வார்கள். எங்கள் அக்கவுண்டன்சியிலும் இதே கதைதான். ஜர்னல் என்ட்ரி ஏன் அப்படிப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

மெரினாவில் ஒரு பாடம்

அதே பாடத்திட்டத்தில் வந்த சிற்பங்களில் இரண்டு சென்னைக்காரர்களுடையவை. ஒன்று ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. நான்கு பேர் ஒரு பெரும்பாறையை நெம்பித் தள்ளும் அந்தச் சிலை 1959 ஜனவரி 25 அன்று மெரினாவில் திறக்கப்பட்டது. "லேபர் ஸ்டாச்சு ஸ்டாப்பிங்" என்று பஸ்ஸில் இறங்கும் எத்தனை பேருக்கு அதைச் செய்தவர் நம் கலைப்பள்ளியின் முதல்வராக 28 ஆண்டுகள் இருந்தவர் என்று தெரியும்? டெல்லியில் உட்கார்ந்து ஒரு மாணவன் இதன் புகைப்படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிறான். அந்தச் சிலைக்கு எதிரே தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் சென்னை மாணவனுக்கு அது பாடமாக வரவில்லை என்றால் இழப்பு யாருக்கு?

இன்னொன்று பி.வி. ஜானகிராமின் பிள்ளையார். செப்புத் தகட்டில் செய்தது. ஜானகிராம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்தவர். ராய் சௌத்ரிக்குப் பிறகு பள்ளியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கியது அந்தக் கிராமம். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓவியர்கள் சங்கமாகச் சேர்ந்து பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். பகலில் விற்கிற பொருள், மற்ற நேரத்தில் தங்கள் ஓவியம்.

எங்கள் வகுப்பில் கூட்டுறவு பற்றியும் மூலதனம் திரட்டுவது பற்றியும் பாடம் நடக்கும். சோழமண்டலத்தை உதாரணமாகச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஹண்டர் காலத்தில் அரசாங்கம் கலையை வியாபாரத்துக்கு வேலைக்காரனாக வைக்கப் பார்த்தது. ஹேவல் காலத்தில் கலை ஒரு பக்கமும் பிழைப்பு ஒரு பக்கமும் நின்று சண்டை போட்டன. சோழமண்டலத்தில் ஓவியர்கள் வியாபாரத்தைத் தங்கள் கலைக்கு வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள்.

இனி என்ன?

2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கலைப் பாடத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் இடையே கறாரான சுவர் வேண்டாம் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகள் மீது ஆயிரம் விவாதங்கள் இருக்கின்றன, அவை தனிக் கட்டுரைக்கானவை. இந்த ஒரு விஷயத்தில் என் கருத்து எளிமையானது. சுவர் வேண்டாம் என்று எழுதுவது 1953-லேயே நடந்துவிட்டது. ஏழு பிரிவுகளும் சமம் என்று ஒரு தமிழர் தலைமையில் எழுதி வைத்தார்கள். எழுதியதால் மட்டும் ஆறாவது பிரிவு நிற்கவில்லை.

நிற்க வேண்டுமானால் மேலே சொன்ன கணக்கைச் சரி செய்ய வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளிலாவது முறையான ஓவிய அறையும் கவின்கலைப் பட்டம் பெற்ற ஆசிரியரும் வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளிவருகிறவர்களுக்கும் இது வேலை. பள்ளியில் ஓவியம் படித்து வந்தவருக்குக் கல்லூரிச் சேர்க்கையில் அந்தப் படிப்புக்கு ஒரு மதிப்பு வேண்டும். எழுத்துத் தேர்வில், இதுவரை பார்க்காத ஒரு படத்தைக் கொடுத்து "இதில் என்ன பார்க்கிறாய்?" என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அதைத் திருத்துவது கஷ்டம்தான். கட்டுரைத் தேர்வையும் திருத்திக்கொண்டுதானே இருக்கிறோம்?

எல்லாப் பிள்ளைகளும் ஓவியர் ஆகப் போவதில்லை. காமர்ஸ் குரூப் எடுத்த எல்லோரும் ஆடிட்டர் ஆகிவிட்டோமா என்ன? காமர்ஸ் படித்ததால் ஒரு பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் எங்களுக்கு அதில் ஏதோ புரிகிறது. அதே போல ஓவியம் படித்த ஒருவருக்கு ஒரு சிலையைப் பார்த்தால், ஒரு கோயில் தூணைப் பார்த்தால், ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் ஏதோ புரியும். அதற்கு ஒரு விலை உண்டு, லெட்ஜரில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் நமக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ பத்தாவது முடித்துவிட்டு "ஓவியம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால், "அதைப் படிச்சு என்ன செய்வே?" என்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். "எந்த ஸ்கூல்ல இருக்கு, யார் சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று முதலில் கேளுங்கள். பதில் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரியும். ஆறாவது பிரிவு எங்கே போனது என்று நாலு பேர் சேர்ந்து தேடத் தொடங்கினால், அது திரும்பி வர ஒரு வழி பிறக்கும்.